புது டியூஷனுக்கு முன்னால் பழைய விடைத்தாள்

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கொஞ்சம் தென்னையும் இரண்டு கறவை மாடுகளும் உண்டு. பாலைச் சொசைட்டியில் ஊற்றுகிறோம். என் மகள் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கிறிஸ்துமஸ் பரீட்சையில் மற்ற பாடங்களில் நன்றாக வாங்கியவள் கணக்கில் மட்டும் 80க்கு 34 வாங்கியிருக்கிறாள். இத்தனைக்கும் தினமும் இரவு 11 மணி வரை கணக்கு நோட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் எல்லாம் தெரியும் என்கிறாள். பரீட்சை முடிந்து வந்தால், உள்ளே போனதும் மறந்துவிட்டது என்று அழுகிறாள். மாலையில் ஒரு டியூஷனுக்குப் போகிறாள்; அங்கே மலையாளத்தில் நடத்துகிறார்கள். பொள்ளாச்சியில் நல்ல டியூஷன் இருக்கிறது, சனி ஞாயிறு அனுப்பு என்று என் அண்ணன் சொல்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கணக்கு வராது. நானும் எட்டாம் வகுப்பில் கணக்கில் தவறித்தான் படிப்பை விட்டேன். மார்ச் மாதத்துக்குள் இவளைத் தேற்ற முடியுமா? விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடைத்தாளை அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கணக்கில் குறைந்துவிட்டது என்று என்னிடம் வந்த பெற்றோர் அனைவரும் மதிப்பெண்ணைச் சொன்னார்கள். விடைத்தாளைக் கையில் கொண்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 34 என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மகள் தன் கையால் எழுதிய அந்தப் பக்கங்களில் எல்லாமே இருக்கிறது. பென்சிலோடு உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். புது டியூஷனைப் பற்றிப் பேசும் முன் அந்தத் தாளைப் பற்றிப் பேசுவோம்.

80இல் 34 போக 46 மதிப்பெண் போயிருக்கிறது. அது எங்கெங்கே போனது என்று கணக்கெடுத்தேன். 18 மதிப்பெண், எழுதாமலே விட்ட கடைசி நான்கு கேள்விகளுக்கு உரியது. 11 மதிப்பெண், வழி தெரிந்தும் கூட்டல் கழித்தலிலும் குறியிலும் சறுக்கியதால் போனது. 8 மதிப்பெண், கேள்வியில் ஒரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டதால் போனது. இவை போக, உண்மையிலேயே பாடம் தெரியாமல் போனது 9 மட்டும்தான். அந்த ஒன்பதும் முக்கோணவியலில்.

இதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள், அம்மா. தெரியாமல் போனது 9. தெரிந்தும் போனது 37. பாடம் தெரியாத பிள்ளைக்குத்தான் புதிதாக ஒருவர் நடத்த வேண்டும். உங்கள் மகளுக்கு வேண்டியது வேறு.

அவள் எழுதிய ஒரு கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கூட்டுத்தொடர் என்றால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே எண் கூடிக்கொண்டே போகும் எண்வரிசை. ஒரு கூட்டுத்தொடரின் 5ஆவது உறுப்பு 23, 12ஆவது உறுப்பு 58; 20ஆவது உறுப்பைக் காண்க என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு சமன்பாடுகளைச் சரியாக எழுதியிருக்கிறாள். கழிக்கும்போது 58இலிருந்து 23ஐக் கழித்து 45 என்று போட்டுவிட்டாள். வர வேண்டியது 35. அதற்குப் பிறகு பொது வித்தியாசம் 45/7 என்று பின்னமாக வந்து, அந்தப் பின்னத்தோடு ஒரு முழுப் பக்கம் போராடியிருக்கிறாள். அடித்திருக்கிறாள், மறுபடி எழுதியிருக்கிறாள், மறுபடி அடித்திருக்கிறாள். பதினைந்து நிமிடமாவது அந்தப் பக்கத்தில் போயிருக்கும். கடைசிக் கேள்விகள் எழுதப்படாமல் நின்றதற்கான காரணம் கடைசிப் பக்கத்தில் இல்லை; இந்த 45இல்தான் இருக்கிறது.

இதே கணக்கைக் கேரளப் பாடநூல் சொல்லித்தரும் வழியில் பாருங்கள். 5ஆவது இடத்திலிருந்து 12ஆவது இடத்துக்கு ஏழு தாவல். ஏழு தாவலில் 35 கூடியிருக்கிறது. ஆகவே ஒரு தாவலுக்கு 5. 12ஆவது இடத்திலிருந்து 20க்கு இன்னும் எட்டுத் தாவல், அதாவது 40. 58உடன் 40, மொத்தம் 98. மூன்று வரியில் முடிந்துவிட்டது. சூத்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகள் டியூஷனில் கொடுத்த சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். பள்ளிப் பாடநூல் சொல்லும் இந்த எளிய நடையைத் தவறவிட்டிருக்கிறாள். கேரளத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் யோசிக்க வைப்பதற்காகவே எழுதப்பட்ட புத்தகம். பிள்ளைகள் அதை மூடி வைத்துவிட்டுக் கைடைத் திறப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரிக்கு வருகிறேன். ‘எல்லாம் தெரியும் என்கிறாள், உள்ளே போனதும் மறந்துவிடுகிறது.’ அவள் பொய் சொல்லவில்லை. இரவு 11 மணி வரை நோட்டைத் திறந்து வைத்து, ஏற்கெனவே போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டே போகிறாள். ஒவ்வொரு வரியும் அடுத்த வரியைத் தானே சொல்லிவிடுவதால், படிக்கப் படிக்க எல்லாம் புரிகிறது. புரிவது உண்மைதான். ஆனால் பரீட்சையில் கேட்பது அதையல்ல. நீங்கள் மாடு கறப்பதைப் பத்து நாள் பக்கத்தில் நின்று பார்த்த குழந்தை பதினோராம் நாள் கறந்துவிடுமா? விரல் எங்கே அழுந்துகிறது என்று கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கணக்கும் கைக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. அவர்கள் பயன்படுத்தியது உரைநடைப் பகுதிகள். என்றாலும் கணக்கு நோட்டின் முன்னால் நான் ஆண்டுதோறும் கண்டதும் இதேதான். முந்தின இரவு எல்லாம் தெரிந்த பிள்ளைக்கு, வாரம் கடந்தால் முதல் வரியே வராது.

ஆகவே முதல் மாற்றம்: இன்றிலிருந்து மூடிய நோட்டு. போட்ட கணக்கு ஒன்றை எடுக்கட்டும். ஒரு முறை பார்க்கட்டும். நோட்டை மூடி, வெள்ளைத்தாளில் முதலிலிருந்து போடட்டும். எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே நோட்டைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூட வேண்டும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். இதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்காத இடம். பயன் முழுவதும் இருப்பதும் இங்கேதான். தடுக்காமல் போட்டு முடித்ததும் கேள்விக்குப் பக்கத்தில் தேதியை எழுதி ஒரு கோடு போடட்டும். இரண்டு நாள் கழித்து அதே கணக்கு, இரண்டாவது கோடு. ஒரு வாரம் கழித்து மூன்றாவது கோடு. மூன்று கோடு விழுந்த கணக்கை நம்பலாம். முதல் வாரம் மிகவும் மெதுவாகப் போகும். ஒரு மணி நேரத்தில் முப்பது கணக்கைப் ‘படித்த’ பெண், நான்கு கணக்குதான் முடிந்தது என்று கலங்குவாள். அந்த நான்குதான் அவளுடையது என்று சொல்லுங்கள்.

இரண்டாவது மாற்றத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடங்களிலிருந்தும் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் அவள் எழுதிப் போடட்டும். சீட்டில் பாடத்தின் பெயரை எழுதக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் கையை விட்டு ஏழெட்டுச் சீட்டை எடுத்துக் கொடுங்கள். வந்ததை வந்தபடி போட வேண்டும். டியூஷனில் ஒரே நாளில் இருபடிச் சமன்பாட்டில் இருபது கணக்குப் போட வைக்கிறார்கள். அன்றைக்கு இருபதும் சரியாகத்தான் வரும், ஏனென்றால் எந்த வழி என்று யோசிக்கவே தேவையில்லை. பரீட்சைத்தாளில் எந்தக் கேள்விக்கும் மேலே பாடத்தின் பெயர் அச்சிட்டிருப்பதில்லை. ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். நான்கு வகைக் கனவுருவங்களின் கனஅளவு காணும் கணக்குகள். வகை வகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் கூட்டத்தாருக்கு 20 சதவீதம், கலந்து பயின்றவர்களுக்கு 63. டப்பாவில் கை விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மகள் நிறையத் தவறு செய்வாள். பயந்துவிடாதீர்கள்.

அடுத்தது மொழி. எல்லைக்கு வெளியே இருக்கும் ஆலோசகர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளோ ஆண்டுதோறும் இதில் மதிப்பெண் இழக்கிறார்கள்.

அவள் தவறவிட்ட ஒரு கேள்வி இது. ஒரு சதுரத்தின் எல்லாப் பக்கங்களையும் 3 செ.மீ. கூட்டியபோது பரப்பளவு 169 ச.செ.மீ. ஆனது, முதலில் பக்கம் எவ்வளவு? 13இன் வர்க்கம் 169, ஆகவே பக்கம் 10. ஒரு நிமிடக் கணக்கு. உங்கள் மகள் நீளம் x, அகலம் y என்று எழுதி, இரண்டு தெரியாத எண்களோடு நடுவில் நின்றுவிட்டாள். சதுரத்துக்கு ஏன் நீளம் வேறு, அகலம் வேறு? ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு உங்கள் கடிதத்தில் மலையாளத்தில் நடத்தும் டியூஷன் என்று படித்தது நினைவுக்கு வந்தது. மலையாளத்தில் சதுரம் என்றால் செவ்வகம். நம்முடைய சதுரத்துக்கு அங்கே சமசதுரம் என்று பெயர். மூன்று மாதமாக மாலை தோறும் சதுரம் என்ற சொல்லை நீளமும் அகலமும் வேறான உருவத்துக்குக் கேட்டுப் பழகிய காது, தமிழ் வினாத்தாளிலும் அப்படியே எடுத்துக்கொண்டது. நான்கு மதிப்பெண் போயிற்று. இதில் பிள்ளையின் தவறு என்ன இருக்கிறது? டியூஷன் நடத்தும் அந்த மாஷும் தன் மொழியில் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பல சொற்கள் இரு மொழியிலும் ஒன்றுதான். சுற்றளவு, பரப்பளவு, ஆரம், கர்ணம், சராசரி இவற்றில் குழப்பம் இல்லை. ஆனால் நாம் கூட்டுத்தொடர் என்பதை அவர்கள் சமாந்தர ஸ்ரேணி என்கிறார்கள். தொடுகோடு அங்கே தொடுவர. வட்டம் வ்ருத்தம். விட்டம் வ்யாசம். கனஅளவு வ்யாப்தம். இருபடிச் சமன்பாடு ரண்டாம்க்ருதி சமவாக்யம். நிகழ்தகவு சாத்யத. பல்லுறுப்புக்கோவை பஹுபதம். இடைநிலை அளவு மத்யமம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு பத்தியில் தமிழ்ப் பாடநூலில் உள்ள சொல், அதற்கு எதிரே டியூஷனில் கேட்ட சொல், மூன்றாவதாக ஒரு சிறு படம். படம் கட்டாயம் வேண்டும். சொல் இரண்டானாலும் உருவம் ஒன்று என்பது மனதில் பதிவது அதனால்தான். சதுரம் என்ற வரியைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி டியூஷனைப் பற்றி உங்கள் அண்ணன் அக்கறையோடு சொல்லியிருக்கிறார். ஆனால் வேண்டாம். அங்கே தமிழில் நடத்துவார்கள், உண்மை. நடத்துவது தமிழ்நாட்டுப் பாடம். அந்தப் பத்தாம் வகுப்புப் புத்தகம் உறவுகளும் சார்புகளும் என்ற பாடத்தோடு தொடங்குகிறது. இயற்கணிதத்தில் அணிகள் வருகின்றன. இரண்டும் உங்கள் மகளின் பரீட்சையில் இல்லை. தேர்வு முறையும் வேறு. அங்கே 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆகவே டியூஷன்களும் அதில் நிறைய நேரம் செலவிடும். கோபாலபுரம் வழியாகப் பஸ்ஸில் போய்த் திரும்பினால் சனி ஞாயிறு இரண்டும் தீர்ந்துவிடும். பிள்ளைக்குக் கிடைப்பது வேறொரு பரீட்சைக்கான தயாரிப்பு. அந்த இரண்டு நாளும் அவள் வீட்டில் வெள்ளைத்தாளோடு இருக்கட்டும்.

மாலை டியூஷனை நிறுத்தவும் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் போதும், மிச்ச நாட்களில் அந்த நேரம் மூடிய நோட்டுக்கு. முக்கோணவியலில் போன அந்த 9 மதிப்பெண்ணுக்குப் பள்ளி ஆசிரியரிடமே போகட்டும். ‘டீச்சர், எனக்கு முக்கோணவியல் புரியவில்லை’ என்று போய் நின்றால் எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. ‘30, 60, 90 பாகை முக்கோணத்தில் பக்கங்கள் 1, √3, 2 என்ற விகிதத்தில் இருக்கும் என்று தெரிகிறது; கோபுரத்தின் உயரம் கேட்கும்போது எந்தப் பக்கத்தை 1 என்று எடுப்பது என்று தெரியவில்லை’ என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தீரும். இந்த வாக்கியத்தை நான் அவளுடைய விடைத்தாளிலிருந்துதான் எடுத்தேன். அவள் சரியாக அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கணக்கு வராது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்க மாட்டேன். சொசைட்டியில் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? சீட்டில் கொழுப்பு சற்றே குறைந்தால் அன்றைக்கு எவ்வளவு போயிற்று, பத்து நாளில் எவ்வளவு போகும், அதற்குப் புண்ணாக்கைக் கூட்டினால் கட்டுபடியாகுமா என்று நீங்கள் நடந்துகொண்டே போடுகிற கணக்கு நேர்மாறலும் சராசரியும் லாபநட்டமும் சேர்ந்த கணக்கு. எட்டாம் வகுப்பில் யாரோ ஒருவர் உங்களுக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. பெற்றோரின் கணக்குப் பயம் பிள்ளைக்கு இறங்குகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளையும் பெற்றோரையும் கவனித்தார்கள். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் வீட்டுக் கணக்கில் அடிக்கடி உதவியபோது அந்தக் குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியிருந்தது. உங்கள் மகள் பெரியவள், என்றாலும் உங்கள் வாயிலிருந்து ‘நமக்கெல்லாம் கணக்கு வராது’ என்ற சொல் இனி வர வேண்டாம். அவளுக்கு நீங்கள் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டப்பாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், மூன்று கோடு விழுந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். அது போதும், அது பெரிய உதவி.

பரீட்சை அறையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும், ஏனென்றால் 18 மதிப்பெண் அங்கேதான் போயிற்று.

கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குக்கு 80 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். அதற்கு முன்னால் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம். அதில் விடை எழுத முடியாது. வினாத்தாளைப் படிக்கத்தான் அந்த நேரம். பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பதினைந்து நிமிடத்தில் முதல் கேள்வியை மனதுக்குள் போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படிச் செய்யக் கூடாது. முதல் ஐந்து நிமிடத்தில் கடைசிக் கேள்வி வரை ஒரு முறை ஓட்டமாகப் படிக்க வேண்டும். அடுத்ததாக, விருப்பத் தேர்வு இருக்கும் இடங்களில் எதை எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும். பாதி எழுதிய பிறகு அடித்துவிட்டு மற்றதற்குத் தாவுகிற பழக்கம் அவளிடம் இரண்டு இடத்தில் தெரிகிறது. மிச்ச நேரத்தில் சொற்களைப் பார்க்கட்டும். விட்டமா ஆரமா, சதுரமா செவ்வகமா, கேட்பது உறுப்பா கூட்டுத்தொகையா.

150 நிமிடத்தில் 80 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது நிமிடம். பத்து நிமிடத்தைத் தாண்டினால், பாதி வாக்கியமாக இருந்தாலும் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதைப் பரீட்சையன்று புதிதாகச் செய்ய முடியாது. பள்ளியில் முந்தைய ஆண்டுகளின் தமிழ் வினாத்தாள்கள் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பிப்ரவரியில் வரும் மாடல் பரீட்சைக்கு முன் இரண்டு தாள்களையாவது, காலை நேரத்தில், இரண்டே முக்கால் மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். அந்த நேரத்தில் பால் ஊற்றப் போகும் வேலையை அவளுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு செய்தி. வினாத்தாளின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: கேட்டிருந்தால் ஒழிய √2, √3, π போன்றவற்றுக்குத் தோராய மதிப்பு போட்டுச் சுருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்காத பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் மகள் 12 செ.மீ. விட்டமுள்ள கோளத்தின் கனஅளவைக் கேட்டதற்கு 12ஐயே ஆரமாக எடுத்து 2304π என்று கண்டு, அதோடும் நிற்காமல் 3.14ஆல் பெருக்கி 7234.56 என்று முடித்திருக்கிறாள். ஆரம் 6 என்று எடுத்து 288π என்று எழுதியிருந்தால் அதுவே முழு விடை. π என்று நிறுத்துவது அரைகுறை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சங்கமகிராம மாதவன் 14ஆம் நூற்றாண்டில் இதே கேரள மண்ணில் π-க்கு முடிவே இல்லாத ஒரு தொடரைக் கண்டார். அந்த முடிவில்லாத எண்ணின் ஒரு துண்டுதான் 3.14. ஆகவே 288π என்பதுதான் துல்லியமான விடை. இதை அவளிடம் இப்படியே சொல்லுங்கள், அந்தப் பெருக்கலை இனி செய்ய மாட்டாள்.

விடையைச் சரிபார்ப்பதற்குத் தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை, அந்தந்தக் கணக்கின் அடியிலேயே அரை நிமிடம் போதும். செவ்வகத்தின் சுற்றளவு 42, பரப்பளவு 104, பக்கங்கள் எவை என்று கேட்டு 8, 13 என்று வந்தால், கூட்டினால் சுற்றளவில் பாதியான 21, பெருக்கினால் 104, முடிந்தது. அந்த 45/7 வந்த இடத்திலும் ஒரு கணம் நின்றிருக்கலாம். பள்ளித் தேர்வில் விகாரமான பின்னம் வந்தால் தவறு என்று அர்த்தமில்லை. ஆனால் மேலே இரண்டு வரியைத் திரும்பப் பார் என்று அர்த்தம்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரி: இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, முந்தைய தாள்களைப் பார்த்து இருபது கேள்விகளைக் குறித்துக் கொடுத்து, இவற்றை மட்டும் படியுங்கள் என்றேன். பிள்ளைகள் என்னை நம்பி அவற்றை வரி வரியாக மனப்பாடம் செய்தார்கள். அந்த ஆண்டு கேள்விகள் வேறு கோணத்தில் வந்தன. வெளியே வந்த பிள்ளைகளில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. ‘வரப்போகும் கேள்விகள்’ என்று யாராவது தாள் விற்றால் வாங்காதீர்கள். பிப்ரவரி கடைசியில் அப்படிப்பட்ட தாள்கள் நிறைய சுற்றும்.

34ஐ மார்ச்சில் 71 ஆக்கிவிடலாம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் எழுதாமல் விட்டதில் பாதியையும், சறுக்கலிலும் சொல்லிலும் போனதில் பெரும்பகுதியையும் மீட்க முடியும். இந்தத் தாளை எழுதிய பெண் 55ஐத் தாண்ட முடியும் என்று நம்புகிறேன். அவளுடைய வரிகளில் ஒழுங்கு இருக்கிறது. எதை ஏன் செய்கிறாள் என்று எழுதுகிறாள். அதைக் கற்பிப்பதுதான் கடினம், அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மாடல் பரீட்சை விடைத்தாள் கிடைத்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைக்காமல், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, போன மதிப்பெண்களை நான் பிரித்தது போல நான்காகப் பிரியுங்கள். எழுதாதது, சறுக்கியது, சொல், தெரியாதது. பிரித்த பிறகு எனக்கு அனுப்புங்கள்.

அவளுக்கு ஒரு கணக்கும் கொடுத்து அனுப்புகிறேன், டப்பாவில் முதல் சீட்டாகப் போடுங்கள். ஒரு கூட்டுத்தொடரின் முதல் 9 உறுப்புகளின் கூட்டுத்தொகை 279. அதன் 5ஆவது உறுப்பு என்ன? பேனாவை எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்லுங்கள். இரண்டு வரிக்கு மேல் எழுதத் தேவைப்பட்டால் நிறுத்திவிட்டு, 5 என்பது 1க்கும் 9க்கும் இடையில் எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும். விடையோடு, எப்படிக் கண்டாள் என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.